வீடியோ எடுத்தவர் யார்?

"இதை எழுதின பொண்ணு யாருங்க மிஸ்?"

பள்ளி ஆய்வக வாசலில் நின்றவரின் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் மாணவி சித்ராதேவியைப் பயமுறுத்தியது. கோபமாக வந்திருந்தால் அழுதாவது தப்பித்திருக்கலாம்.

"வாங்க, உட்காருங்க. நீங்க?" என்றாள் தேஜஸ்ரீ டீச்சர்.

"வேல்குமாருங்க. வீரபாண்டியில ஒரு சாயப் பட்டறையில மேனேஜருங்க."

சித்ராவின் கையிலிருந்த பேனா மேஜையில் உருண்டது. வேல்குமார் சார். வீட்டில் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அடிபடும் பெயர். அப்பா அழகுமலை பத்து வருடமாக அந்த மனிதருக்குக் கீழேதான் சாயத் தொட்டியில் வேலை பார்க்கிறார்.

வேல்குமார் தன் போனை நீட்டினார். திரையில் அவளுடைய ஆய்வறிக்கையின் ஒரு பக்கம். வகுப்பில் யாரோ படமெடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டிருந்தார்கள். மேலே பள்ளியின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

மாவட்டக் கண்காட்சிக்குப் போக வேண்டிய அறிக்கை அது. 'எங்கள் ஊர் நீர்' என்று தலைப்பு. ஊர் வாட்ஸப் குரூப்பில் வந்த ஒரு வீடியோவை அதில் சேர்த்திருந்தாள். சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய சாயத் தண்ணீர், ஒரு பட்டறையின் பின்பக்கக் குழாய் வழியாக ஓடையில் விழுகிற வீடியோ. முதலில் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபார்வர்டு மெசேஜ் எல்லாம் ஆதாரம் ஆகாது. இது நம்ம ஊர்தானா? எப்ப எடுத்தது? அதைக் கண்டுபிடி, அப்புறம் சேர்த்துக்க" என்றாள்.

சித்ரா கண்டுபிடித்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்த சுவர்தான் வீடியோவில் இருந்தது. தேதியைக் கண்டுபிடிக்க உதவியது தண்ணீரின் நிறம். அதை எழுதியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. பட்டறையின் பெயரை எழுதவில்லை. பெயரை விட்டுவிட்டால் அப்பாவுக்கு ஒன்றும் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

வேல்குமார் அந்த வரியை நிதானமாகப் படித்தார். "'நீர் மெரூன் நிறத்தில் உள்ளது. இந்தப் பட்டறையில் மெரூன் சாயம் பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை, பகல் ஷிப்டில் மட்டுமே ஓடியது. ஆகவே வீடியோ அன்று எடுக்கப்பட்டது.' பரவாயில்லீங்க, போலீஸ்காரங்க கூட இவ்வளவு நுணுக்கமா பார்க்க மாட்டாங்க." சிரித்தார். பார்வை சித்ராவிடம் வந்தது. "நீதானா கண்ணு?"

அவள் தலையசைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கே. ஒண்ணே ஒண்ணு சொல்லு சாமி. என்னிக்கு எந்தக் கலர் ஓடுதுன்னு பட்டறைக்கு உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னாங்க?"

அப்பாதான். அன்று நகக்கண்ணில் ஏறிய மெரூனைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "இன்னைக்கு ஒரு நாளு கூத்துத்தா. நாளைக்கு மறுபடி நேவி ப்ளூ" என்று சொன்னார்.

"பயப்படாதே கண்ணு. உன்னை ஒண்ணும் சொல்லப் போறதில்லை. அந்த ஷிப்டுல இருந்த ஆளு எவனோ எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களுக்கே குழி தோண்டியிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா போதும்." வேல்குமார் வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினார். "இதைக் கேளு."

சித்ரா அதுவரை அதைச் சத்தத்தோடு பார்த்ததே இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழும் ஓசை. காற்று. முடியும் இடத்தில் ஓர் இருமல். அடக்கப் பார்த்து, முடியாமல் இரண்டாக உடைந்து வெளியே வரும் இருமல்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவும் அவளும் தினம் கேட்டுக்கொண்டு தூங்குகிற அப்பாவின் இருமல் அது.

"எங்க பட்டறையில இருமாத ஆளே இல்லீங்க மிஸ். அதனால இதை வச்சுக் கண்டுபிடிக்க முடியலை" என்றார் வேல்குமார். "சொல்லு கண்ணு. யாரு?"

"யூடியூப்ல... கமெண்ட்டுல பார்த்தேங்க" என்றாள் சித்ரா. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. "யாரோ போட்டிருந்தாங்க. பேரு இல்லீங்க. அதை அப்படியே எழுதிட்டேன்."

டீச்சர் அவளைப் பார்த்தாள். கமெண்ட்டில் பார்த்ததை இந்தப் பெண் எழுத மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம்தான். சட்டென்று மேஜையைத் தட்டினாள்.

"கமெண்ட்டா? எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? எவனோ பேரில்லாதவன் எழுதினது உனக்கு ஆதாரமா? வெட்கமா இல்லை?" அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தைச் சர்ரென்று கிழித்தாள். "மன்னிச்சுக்கங்க சார். பசங்க இப்படித்தான். இது கண்காட்சிக்குப் போகாதுங்க."

வேல்குமார் எழுந்தார். "பொண்ணு பேரு என்னங்க?"

"பசங்க பேரை வெளியாளுங்களுக்குச் சொல்றதில்லீங்க. ஸ்கூல் ரூல்."

"சரிதானுங்க" என்று சிரித்தார். போகும்போது சித்ராவின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

* * *

அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் சித்ரா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா தையல் கம்பெனியில் ஓவர்டைம். வீட்டில் இரண்டு பேர்தான்.

அழகுமலை எழுந்து கதவைச் சாத்தினார். "கீழ ஓடைக்கரைக்காரர் ஒருத்தருக்குத்தான் அனுப்புனேன். கிணறே சாயமாப் போச்சுன்னு அழுதாரு. புகார் குடுக்கக் கேட்டாரு. அது எப்படி ஊரெல்லாம் சுத்துச்சுன்னு தெரியலையே ஆத்தா." வார்த்தைக்கு நடுவே இருமினார். சித்ரா ஓடிப்போய் ஜன்னலையும் சாத்தினாள்.

"நாளைக்கு எல்லாரும் போனை வாசல் கேட்டுல குடுத்துட்டுப் போகணுமாம். மேனேஜரே பார்ப்பாராம்" என்றார். "பேசாம அந்தப் பழைய பட்டன் போனை எடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம்ப்பா! நேத்து வரைக்கும் டச் போன், இன்னிக்குப் பட்டன் போனா? அதுவே காட்டிக் குடுத்துரும்."

வீடியோவைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அப்பாவின் போனில் அதை அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலும் தேடி அழித்தாள். ஓடைக்கரைக்காரருக்கு அனுப்பிய செய்தியை, அவர் நம்பரை, குரூப்பை, எல்லாவற்றையும் துடைத்தாள். விரல் வியர்த்துத் திரையில் வழுக்கியது. வீட்டுப் படங்களை மட்டும் விட்டுவைத்தாள். போன் காலியாக இருந்தால் சந்தேகம் வரும்.

"உனக்கு இம்புட்டு மூளை எங்கிருந்து வந்துச்சு?" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

* * *

மறுநாள் பள்ளியில் அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மாலையில் வீட்டுக்கு வந்து, தெருமுனையையே பார்த்தபடி நின்றாள். அப்பாவின் டிவிஎஸ் வண்டி திரும்பியதும்தான் மூச்சு வந்தது.

"ஒண்ணும் கிடைக்கலை ஆத்தா" என்று அவர் வண்டியை நிறுத்தினார். முகத்தில் நிம்மதி. "எல்லாத்தையும் தோண்டிப் பார்த்தாரு. நம்ம கோயிலுக்குப் போன போட்டோ எல்லாம் பார்த்தாரு. 'இது உங்க பொண்ணாங்க அழகுமலை? லட்சணமா இருக்கா, நல்லாப் படிக்க வைங்க'ன்னாரு. தங்கமான மனுசன் மாதிரி பேசி—"

மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

எல்லாவற்றையும் அழித்தவள், தன் முகத்தை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

"அப்பா. நேத்து அவர் என்னைப் பார்த்தாருப்பா."

அழகுமலை வண்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மெதுவாக, "அதான் நாளைக்கு நேரா ஆபீசுக்கு வரச் சொன்னாரா" என்றார்.

உள்ளே வந்து இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

"ஊருக்குப் போயிரலாம்ப்பா."

"போயி? அங்க என்ன வேலை இருக்கு? உன் படிப்பு?" அவர் கைகளைப் பிசைந்தார். "நாளைக்கு ரூமுக்குள்ள வச்சு, திருடுனேன்னு ஒரு பழியப் போட்டு வெளிய தள்ளுவாக. வேற எந்தப் பட்டறையும் சேக்காது. ஏன் தள்ளுனாகன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. வீடியோ உங்கிட்ட இருக்குல்ல?"

"இருக்கு."

"உங்க டீச்சரு நம்பகமான ஆளா?"

பக்கத்தைக் கிழித்து, தன் பெயரைச் சொல்ல மறுத்த டீச்சரை நினைத்துக்கொண்டாள். "ஆமாப்பா."

"அப்ப அவுகளுக்கு அனுப்பு. கண்காட்சிக்கும் போகட்டும், கலெக்டர் ஆபீசுக்கும் போகட்டும். இன்னைக்கே. ஊருக்குத் தெரிஞ்சுட்டா, நாளைக்கு என்னை என்ன செஞ்சாலும் ஏன்னு நாலு பேரு கேப்பாக."

"பேரு போடவாப்பா?"

அவர் பயந்திருந்தார். அப்பா பயந்து அவள் பார்த்ததில்லை.

"போடு. யாரு எடுத்ததுன்னு இல்லாட்டி, யாரு நம்புவாக?"

சித்ரா போனை எடுத்து டீச்சருக்கு வீடியோவை அனுப்பினாள். அதன் கீழே தட்டச்சு செய்தாள்: எடுத்தவர் அழகுமலை, சாயத் தொழிலாளி, என் அப்பா.

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவள் அழுத்தினாள்.