கேட்காத பதிவுகள்

சனிக்கிழமை மாலை, காக்ஸ் டவுன் மாதா கோவிலின் பங்கு மண்டபத்தில் நோரா பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். இருபது பேர் வந்திருந்தார்கள். கரும்பலகையில் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிச் சொன்னாள்.

லிங்க்: தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். அனுப்பியது யார் என்று தெரியாமல் தொடக்கூடாது. ஓடிபி: ஒருமுறை மட்டும் செல்லும் எண். கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கக்கூடாது. ஃபிஷிங்: தெரிந்த இடம்போல வேஷம் போட்டு நம்மையே பாஸ்வேர்டைக் கொடுக்க வைப்பது. பேக்கப்: எதையும் இரண்டு இடத்தில் வைத்திருப்பது.

"அவசரப்படுத்தினா அவன் திருடன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னா போனைக் கீழ வெச்சிடுங்க."

"என்கிட்ட திருட என்ன இருக்கு நோரா," என்றார் பாடற்குழுத் தலைவர் கிளாரன்ஸ். "என் அக்கவுன்ட்டப் பாத்தா பாவம்னு அவனே நூறு ரூபா போட்டுட்டுப் போவான்."

எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் லாயிட் அங்கிள் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். எண்பத்து நான்கு வயது. இப்போதெல்லாம் கேட்டதையே திரும்பக் கேட்டார்.

நோராவுக்குப் பங்கு அலுவலகத்தில் வேலை. பங்கில் யார் இறந்தாலும் அறிவிப்பு எழுதுவது அவள்தான். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. பலகையில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போடுவாள். பதினொரு வருடங்களில் அவள் எழுதாத அறிவிப்பு ஒன்றே ஒன்று. அதைக் கிளாரன்ஸ் எழுதினார். டேரில், இருபத்தேழு, அடக்கம் நான்கு மணிக்கு.

டேரில் அவளுடைய ஒரே மகன். ஓசூர் ரோட்டில் பைக்கில் போனபோது இறந்தான். பதினான்கு மாதங்கள் ஆயின.

பாடற்குழுப் பாடல்களை அவன் போனில் பாடிப் பதிவுசெய்து பழகுவான். இருநூற்றுப் பதினான்கு பதிவுகள் அவனுடைய மெயில் கணக்கில் இருந்தன. இருமல், பக்கத்து வீட்டு நாய், "அம்மா, கதவைச் சாத்து" எல்லாம் அவற்றில் உண்டு. நோரா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து ஒன்றே ஒன்று கேட்பாள். இரண்டாவது கேட்டதில்லை. அறுபத்தொன்று கேட்டாகிவிட்டது. வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்கவில்லை. எடுத்தால் கை சும்மா இருக்காது, ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம் என்று பயந்தாள்.

வகுப்புக்கு மறுநாள், ஞாயிறு மதியம், அறுபத்திரண்டாவதைக் கேட்டு முடித்தாள். அவனுடைய பழைய போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். சிம்முக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள். அந்தப் போனில் குறுஞ்செய்தி வந்தது. இடம் நிரம்பிவிட்டது. மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்யாவிட்டால் கோப்புகள் அழிக்கப்படும். கீழே ஒரு லிங்க்.

பணம் போகும் என்று மிரட்டியிருந்தால் போனைக் கீழே வைத்திருப்பாள்.

பக்கம் அசல்போலவே இருந்தது. பாஸ்வேர்டைப் போட்டாள். ஆறு இலக்க எண் வந்தது. அதையும் போட்டாள். நன்றி என்று வந்தது. நிம்மதியாகக் காபி போட்டுக் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு கணக்கு திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றது. டைரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். தவறு. அந்தக் குறுஞ்செய்தியை மறுபடி எடுத்துப் படித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது. கிளாரன்ஸைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். வகுப்பு நினைவுக்கு வந்தது. போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை லாயிட் அங்கிள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் டேப்லெட். முகம் மலர்ந்திருந்தது.

"டேரில் எழுதியிருக்கான் மா."

நோரா எழுந்து நின்றாள்.

"ஹைதராபாத்ல ஆஸ்பத்திரில இருக்கானாம். யாருக்கும் சொல்லாதீங்கன்னான். உன்கிட்ட சொல்லாம எப்படி? பணத்துக்குப் பதிலா கிஃப்ட் கார்டு நம்பர் கேட்டான். பேத்தியக் கேட்டு வாங்கி ரெண்டு தடவை அனுப்பிட்டேன்."

"அங்கிள், அது அவன் இல்ல."

"'மை டியர் ஓல்ட் அங்கிள்'னு போட்டிருக்கான். வேற எவன் என்னை அப்படிக் கூப்பிடறான்?"

கணக்கைத் திருடியவர்கள் பழைய மெயில்களைப் படித்திருக்கிறார்கள். நோராவுக்குப் புரிந்தது.

"செத்துட்டான்னு எல்லாரும் சேர்ந்து என்கிட்ட பொய் சொன்னீங்க," என்றார் அவர். குரலில் கோபமில்லை. "பரவால்ல. அவன் வந்தா திட்டாத."

அன்றைக்கே நோரா சைபர் குற்றப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்த போலீஸ்காரப் பெண்ணின் பெயர் வைஷ்ணவி. ஊர் ஆனேக்கல், தமிழ் பேசினாள். "ஸ்வல்ப இருங்க மேடம்" என்று, கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நம்பரை மாத்திட்டான். பாஸ்வேர்ட், ரெண்டாவது மெயில், எல்லாம் மாத்திட்டான். ஏழு நாளைக்குள்ளன்னா பழைய நம்பரை வெச்சு அக்கவுன்ட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாம். என்னிக்கு லிங்க்கைத் தொட்டீங்க?"

"நேத்து இல்ல, அதுக்கு முந்தின ஞாயிறு. மதியம்."

வைஷ்ணவி காலண்டரைப் பார்த்தாள். எட்டு நாள் ஆகியிருந்தது.

"வேற வழி?"

"அக்கவுன்ட்காரர் வந்து நான்தான்னு நிரூபிக்கணும்."

"அவன் இறந்துட்டான்."

"அப்ப ஒண்ணுதான் மேடம். இறந்துட்டார்னு கம்பெனிக்கு ஃபார்ம் போடணும். டெத் சர்டிபிகேட் வெச்சு. மூடிடுவாங்க. இவன் மெயில் போடறது அன்னிக்கே நிக்கும்."

"உள்ள இருக்கறது?"

"அதுவும் சேந்து போயிடும். பாட்டு மட்டும் எடுத்துக் குடுங்கன்னு கேக்கலாம். கோர்ட் ஆர்டர் கொண்டான்னுவாங்க. வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் இவன் உங்க பையன் பேர்ல எல்லாருக்கும் எழுதிட்டே இருப்பான்."

நோரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூற்றைம்பத்திரண்டு பதிவுகள் பாக்கி. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

"யோசிச்சு செய்யுங்க," என்றாள் வைஷ்ணவி. "போட்டுட்டா திரும்ப வராது."

அன்று மாலை லாயிட் அங்கிளின் பேத்தி கூப்பிட்டாள். தாத்தா பெட்டி கட்டி வைத்திருக்கிறாராம். டேரிலைப் பார்க்க ஹைதராபாத் போகவேண்டும், ரயில் டிக்கெட் எடு என்கிறாராம். டேரில் முகவரி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறானாம், அதற்கு முன்னால் இன்னொரு கார்டு வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் நோரா ஃபார்மைத் திறந்தாள். இறந்தவர் பெயர். டைப் செய்தாள். இறந்த தேதி. உங்களுக்கு என்ன உறவு. ஒரு பட்டியல் வந்தது, அதில் தாய் என்பதைத் தொட்டாள். சான்றிதழைச் சேர்த்தாள். இதை மாற்ற முடியாது, தொடரவா என்று கேட்டது.

வெளியே கோவில் பணியாள் கோவிந்தப்பா முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு அழுத்தினாள்.

மூன்றாம் நாள் ஒரு மெயில் வந்தது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். கணக்கு மூடப்பட்டது.

ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். லாயிட் அங்கிள் டேப்லெட்டோடு வந்து எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

"நாலு மெயில் போட்டேன். எல்லாம் திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லுது." டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். "போயிட்டானா மா?"

"ஆமா அங்கிள்."

"எப்ப?"

நோரா மேசையைப் பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அறிவிப்பு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்," என்றாள் நோரா.