கடைசிக் கட்டத்தை வெட்டியவர்கள்

பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் நிரோஜா அந்தக் கருவியைப் போட்டாள். உள்ளங்கையில் அடங்கும் சீனத்துக் கேம் கருவி. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஹாஷிம் நானாவின் போன் ரிப்பேர் கடைக்கு இந்த மாதிரிச் சாமான் எப்போதாவது ஒன்று வரும். இது அப்புத்தளைப் பாதையில் புதிதாகத் திறந்திருந்த தேயிலை நிலையத்திலிருந்து வந்திருந்தது. ஒரு தோட்டக் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கட்டிய இடம். வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து, தேயிலைப் பக்கெட் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

திரை வெளிச்சமானது. இடது பக்கத்திலிருந்து மூடுபனி மெதுவாக நகர்ந்து வந்தது. சரிவில், ஈரம் படாமல் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய ஒரு பெண் நின்றாள்.

நிரோஜாவுக்குக் காதுமடல் சுட்டது. அந்தப் பனி அவளுடையது. நான்கே நிறங்களை வைத்துக்கொண்டு அது பனி மாதிரித் தெரிய அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் அவளுடைய அம்மா பூவம்மா. கொஞ்சம் இடது தோள் இறங்கிய நடைகூட அப்படியே இருந்தது. ஆனால் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். ‘பெரட்டு’ என்று அவள் வைத்த பெயர் போய், ‘இனிய கொழுந்து’ என்று வந்திருந்தது. அதற்குக் கீழே, ‘உருவாக்கம்: துவாரகன் டிஜிட்டல்.’

அவள் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். ஏ.எல். பரீட்சை முடித்து ரிப்பேர் வேலை படித்து ஹாஷிம் நானாவிடம் சேர்ந்த புதிதில், உல்லாசப் பயணி ஒருவர் உடைந்த கருவி ஒன்றைத் திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. ‘லூமோ’ என்று அதற்குப் பெயர். செய்த கம்பெனியே எப்போதோ கைவிட்டுவிட்ட சாதனம். உலகத்தில் அதை இன்னும் வைத்திருப்பவர்களையெல்லாம் ஒரு சி.டி.பி. பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்தக் கொஞ்சப் பேரும் விடாப்பிடிக்காரர்கள். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்து அதற்குப் புதிது புதிதாகக் கேம் எழுதுவார்கள்; தங்கள் இணையக் குழுவில் சும்மா கொடுப்பார்கள். நிரோஜா கருவியைத் திருத்தினாள். பிறகு அந்தக் குழுவில் சேர்ந்து, கேட்டுக் கேட்டு, தானும் எழுதக் கற்றுக்கொண்டாள்.

லூமோவுக்குத் தமிழ் தெரியாது. எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தையும் அவளே வரைந்தாள். ‘ன’ அடங்கியது. ‘ண’ அடங்க மாட்டேன் என்றது. ‘ணை’க்குப் பக்கத்துக் கட்டத்தையும் வளைத்துப் போட வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் ‘பெரட்டு’. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் தொடங்கும். பனிக்குள் சரிவேறிக் கொழுந்து பறிக்க வேண்டும். காலில் ஏறும் அட்டையை உதற வேண்டும். மழைக்கு முன் கீழே இறங்க வேண்டும். கடைசிக் கட்டம் தராசு. எவ்வளவு பறித்தாலும் கணக்கப்பிள்ளை ஈரம் என்று கிலோவை வெட்டுவார். எந்தப் பட்டனை அமுக்கினாலும் மறுபடி வரிசையில் போய் நிற்க நேரும். மறுபடி வெட்டு விழும்.

ஜெயிக்க ஒரே வழி, எதையும் அமுக்காமல் கையை எடுத்துவிடுவது. அப்போது அந்தப் பெண் கூடையை இறக்கிவைத்துத் தராசு முன்னால் உட்காருவாள். பின்னால் நிற்பவள் உட்காருவாள். பிறகு வரிசையே உட்காரும். தராசு முள் ஆடிக்கொண்டே நிற்கும்.

அது அவள் கற்பனை இல்லை. பூவம்மாவும் மற்றப் பெண்களும் ஒருமுறை அப்படி உட்கார்ந்தவர்கள்தான். அதற்காகத் தூரத்து மலைக்கு மாற்றப்பட்டு, கால் வீங்க நடந்தவர்கள்.

நிரோஜா கருவியைக் கீழே வைக்காமல் கடைசிக் கட்டம் வரை விளையாடினாள். தராசு வந்தது. கணக்கப்பிள்ளை இல்லை. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தொரை சிரித்துக்கொண்டே வந்து அந்தப் பெண்ணிடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தாள். வானத்தில் வாணம் வெடித்தது.

“என்ன புள்ள, ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றார் ஹாஷிம் நானா.

“எங்கம்மாவக் கும்பிட வச்சிருக்கானுங்க, நானா.”

துவாரகனின் கடை பஸார் வீதியில் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து ஊரறிந்த வியாபாரக் குடும்பம். துணி விற்ற இடத்தில் இப்போது டிவியும் போனும் விற்றார்கள். துவாரகன் மரியாதையான ஆள். நிரோஜாவைக் கண்டதும் எழுந்தே நின்றான்.

“வாங்க தங்கச்சி. ஹாஷிம் நானா கடையிலதானே இருக்கீங்க?”

“தேயிலை நிலையத்துக்கு ஒரு கேம் குடுத்திருக்கீங்க. அது நான் எழுதினது.”

அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளை முதலில் தூக்கிவாரிப் போட்டது.

“ஓ, அது நீங்களா? நல்லா இருந்துச்சு. இன்டர்நெட்ல சும்மா கெடந்துச்சு, எடுத்தோம்.”

“சும்மா கெடக்கல. நான் வச்சேன். யாரும் விளையாடலாம், பேர அழிக்காதீங்க, விக்காதீங்கன்னு எழுதித்தான் வச்சேன்.”

“அதையெல்லாம் யாரு வாசிக்கிறா?” அவன் சிரித்தான். “நீங்களும் எமுலேட்டர்ல பழைய கேம் விளையாடுறவங்கதானே? இல்லாத மெஷின் இருக்கிற மாதிரி அது நடிக்கும், நீங்க அடுத்தவன் கேமைப் போட்டு ஆடுவீங்க. அதச் செஞ்ச ஜப்பான்காரன்கிட்ட கேட்டுட்டா ஆடுறீங்க?”

அவன் சொன்னது பொய்யில்லை. கடையில் எங்கும் கிடைக்காத எத்தனையோ பழைய கேம்களை அவள் அப்படித்தான் ஆடியிருந்தாள். அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“ஆடியிருக்கேன். ஆனா எதுலயும் எழுதினவன் பேர அழிச்சுட்டு நிரோஜான்னு போட்டதில்ல. கதையத் தலைகீழாக்கி, யார எதிர்த்து எழுதினதோ அவங்களுக்கே வித்ததும் இல்ல. கடைசிக் கட்டத்த ஏங்க மாத்தினீங்க?”

“அது கம்பெனில கேட்டது, தங்கச்சி. வாறவங்க சந்தோஷமாப் போகணும்ல? டூரிஸ்ட்டுக்கு எதுக்கு வேலைநிறுத்தமெல்லாம்?”

அடுத்த நாள் லீவு சொல்லிவிட்டு அப்புத்தளைக்கு பஸ் ஏறினாள். தேயிலை நிலையம் கண்ணாடிச் சுவரோடு பளபளவென்று நின்றது. வாசலில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஆளுயரப் படம். முகம் இருக்கும் இடத்தில் ஓட்டை. வருகிறவர்கள் பின்னால் போய் நின்று தங்கள் முகத்தை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உள்ளே ஒரு மேசையில் கருவிகள் வரிசையாக இருந்தன. ஒரு வெளிநாட்டுப் பெண் வாணம் வெடித்ததைப் பார்த்துக் கை தட்டினாள்.

நிலையத்தை நடத்திய முகாமையாளர் நிரோஜாவை உட்காரச் சொல்லவில்லை. அவள் தன் போனில் குழுவின் பக்கத்தைத் திறந்து, தான் கேமை வெளியிட்ட திகதியையும் பெயரையும் காட்டினாள். அவர் மேலோட்டமாகப் பார்த்தார்.

“இது ஏதோ வெப்சைட். நாங்க முறையா ஒரு கம்பெனிகிட்ட வாங்கியிருக்கோம். பிரச்சினைன்னா அவங்களோட பேசுங்க.”

“பேசிட்டேன் சார். கடைசிக் கட்டத்த மாத்தச் சொன்னது நீங்கன்னு சொன்னாங்க.”

அவர் நிமிர்ந்தார். குரல் மட்டும் இனிப்பாகவே இருந்தது.

“நீங்க எந்தத் தோட்டம்? அம்மா அப்பா வேலையில இருக்காங்களா? எந்த டிவிஷன்?”

அம்மாவின் தோட்டமும் அதே கம்பெனியுடையதுதான்; கேள்விக்குள் இருந்த மிரட்டல் அவளுக்கு விளங்கியது. பதில் சொல்லாமல் நின்றாள். சற்று நேரத்தில் ஒரு வாச்சர் வந்து, திருடியைக் கொண்டுபோய் விடுவது போல அவளை கேட் வரை கூட்டிப் போனான். வீடு வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். அந்த ஆள் மேல் வந்த கோபத்தைவிட, பதில் சொல்லாமல் நின்ற தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

பூவம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, அட்டை கடித்த காலில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள்.

“எந்த டிவிஷன்னு கேட்டானா? மேல் டிவிஷன் பூவம்மான்னு சொல்ல வேண்டியதுதானே புள்ள. எனக்கு என்ன பயம்? இதுக்கு மேல எந்த மலைக்கு மாத்துவான்?”

அன்று மாலை நிரோஜா நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினாள். தன் கேமையும் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அங்கே ஒரு நோர்வேக்காரர் இருந்தார். லூமோ கேம்களை மற்றக் கருவிகளில் ஓடவைக்கும் எமுலேட்டரை எழுதியவர் அவர்தான். அவருடைய புரோகிராமும் இலவசம். விற்கிற சாமானில் போடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. துவாரகன் அதையும் கேட்காமலே போட்டிருந்தான். நோர்வேக்காரர் கம்பெனியின் கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரே ஒரு மெயில் அனுப்பினார். தன் புரோகிராமைப் பற்றியும் எழுதினார். நிரோஜாவின் பெயரையும் கேமையும் அதைவிட விரிவாக எழுதினார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஹாஷிம் நானா சிரித்த முகமாக வந்தார்.

“எல்லா மெஷினையும் கழட்டிட்டாங்களாம், புள்ள! மேசை காலியாம். ஜெயிச்சுட்டீங்க!”

நிரோஜா தன் போனை அவர் பக்கம் திருப்பினாள். கம்பெனி எழுதிய பதிலை நோர்வேக்காரர் அவளுக்கு அனுப்பியிருந்தார்.

“பாருங்க நானா. அவரோட புரோகிராமுக்கு மன்னிப்புக் கேட்டிருக்காங்க. என்னப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்கேயோ இருக்கிறவர் ஒரு மெயில் போட்டதும் நடுங்குறாங்க. நான் நேருல போய் நின்னப்ப உக்காருன்னுகூடச் சொல்லல. இதுக்குப் பேரா ஜெயிக்கிறது?”

ஹாஷிம் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

துவாரகனும் ஒரு நாள் வந்தான். இம்முறை கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டே வந்தான். கண்டியில் ஒரு ஹோட்டல் இதே மாதிரிக் கேம் கேட்கிறதாம்.

“நோர்வேக்காரனோடத விட்டுட்டு வேற எமுலேட்டர் போட்டுக்கலாம். இந்தத் தடவை ரெண்டு பேர் பேரையும் போட்டுடுவோம், தங்கச்சி. பாதி உங்களோட பேரு, பாதி நம்ம கடையோட பேரு. சரிதானே?”

தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். கிலோ குறைந்தால் முழுப்பேர் கிடையாது. நாள் முழுக்க நின்றவளுக்கும் அரைப்பேர்தான். துவாரகனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

“அரைப்பேரு எங்கம்மாவுக்குப் போட்டாங்க, எங்க அம்மாச்சிக்கும் போட்டாங்க,” என்றாள் நிரோஜா. “எனக்கும் போட வந்திருக்கீங்களா? செருப்ப மாட்டிக்கிட்டுப் போங்க அண்ணா.”

அவன் முகம் கறுத்துப் போனான். நிரோஜா அடுத்து வந்தவரின் போனை வாங்கித் திறக்கத் தொடங்கினாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ‘பெரட்டு’க்கு ஒரு புதுக் கட்டம் எழுதினாள். தராசைத் தாண்டிப் போனால் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசலில் முகமில்லாத படம். உள்ளே உட்காரச் சொல்லாத ஆள், ‘எந்த டிவிஷன்?’ என்று கேட்பான். இம்முறை பதில் சொல்ல ஒரு பட்டன் வைத்தாள். அமுக்கினால், அந்தப் பெண் தன் முழுப் பெயரையும் டிவிஷனையும் திரை நிறையச் சொல்லுவாள். குழுவில் போடுவதற்கு முன் கருவியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

பூவம்மா வாசற்படியில் உட்கார்ந்து விளையாடினாள். கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய், எல்லா மூலைக்கும் நடந்து பார்த்தாள். அவள் முகம் இறுகியது.

“எல்லாம் போட்ட, கக்கூஸப் போடல பாத்தியா?”

“கக்கூஸா?”

“நம்ம சாந்தலெச்சுமி அங்க கூட்டுற வேலைக்குப் போறாள்ல, அவ சொன்னா. வாறவங்களுக்குன்னு நாலு கக்கூஸாம், டைல்ஸ் போட்டு, கண்ணாடி வச்சு. நாங்க காலையிலேருந்து அந்தி வரைக்கும் மலையில நிக்கிறோம். ஒண்ணு இருக்கா? தேயிலைக்குள்ள ஒதுங்குறோம், அட்டையோட. எந்தத் தொரைக்காவது அது கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கா?” கருவியை மகளிடம் திருப்பி நீட்டினாள். “நாலையும் போடு. அதுக்குப் பக்கத்துலயே எங்க மலையையும் போடு. பாக்கட்டும்.”

நிரோஜா கணினியைத் திறந்து, எட்டுக்கு எட்டுப் புள்ளியில் ஒரு கதவை வரையத் தொடங்கினாள்.