வெட்டுப்பட்ட பெயர்

பள்ளிக்கூட வாசலில் தபால்காரர் பிச்சையா கொடுத்த கடிதத்தை ஜெபகனி டீச்சர் வகுப்பில் பிரிக்கவில்லை. உறையில் கணவனின் சாய்ந்த கையெழுத்தை மட்டும் பலமுறை பார்த்துக்கொண்டாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த சுந்தர்சிங் பட்டாளத்தில் சேர்ந்து யுத்தத்துக்குக் கப்பலேறியபோது அவள் கர்ப்பிணி. இப்போது மகளுக்கு எட்டு மாதம். பெயரை அப்பாதான் வைக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

வீட்டில் பிரித்தாள். காகிதத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. முன்பக்கம் ஏதோ ஊரின் பெயரை எழுதியிருப்பான் போல, பட்டாளத் தபாலைப் படித்துப் பார்க்கும் சென்சார்காரன் கத்தரித்துவிட்டான். பின்பக்கத்தில், 'நம் மகளுக்கு நான் யோசித்து வைத்திருக்கும் பெயர்' என்பதோடு ஓட்டை. அதற்குக் கீழே, 'ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார். உனக்கும் பிடிக்கும்.'

"பேரு என்ன மைனி?" என்று நாத்தனார் அற்புதமணி எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணனுக்கு இருக்க புத்தியப் பாரு. ரெண்டு பக்கமும் எழுதி வச்சிருக்காவ!"

அன்றே பதில் எழுதினாள். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், பெயரைப் பெரிதாக எழுதுங்கள் என்று. கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம், பதில் வர இரண்டு மாதம்.

அதற்குள் வேறொரு கடிதம் வந்தது. அவளுடையது கிடைக்கும் முன்பே எழுதியது. ஒரு வெட்டு இல்லை. 'பெயர் பிடித்ததா? கூடாரத்தில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாப்பாவை விசாரிக்கிறார்கள்.'

"முகந்தெரியாத பட்டாளத்தானுக்கெல்லாம் எம்பிள்ள பேரு தெரியுது. எனக்குத் தெரியல!" ஜெபகனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மூன்றாம் வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் கண் திறக்கவில்லை. அற்புதமணி ஓடிப்போய், உடனே ஞானஸ்நானம் கொடுக்கப் போதகரை அழைத்து வந்தாள். அவர் கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு, "பிள்ளைக்குப் பேரென்ன, டீச்சர்?" என்றார்.

"அண்ணன் எழுதுன பேரு..." என்று அற்புதமணி தயங்கினாள்.

ஜெபகனி மகளின் கொதிக்கும் நெற்றியைத் தொட்டாள். "தங்கபுஷ்பம்" என்றாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை கஞ்சி குடித்தாள். நடந்ததையெல்லாம் ஜெபகனி நான்கு தாளில், ஒரு பக்கமாகவே எழுதித் தபாலில் சேர்த்தாள்.

அடுத்த மாதம் பிச்சையா சிரித்துக்கொண்டே வந்தார். "டீச்சரம்மா, இந்தத் தடவ கனமா இருக்கு!"

ஒரு முழுத் தாளில் ஒரே சொல், விரற்கடை உயர எழுத்தில்: லில்லி.

அழகான பெயர். உரக்கச் சொல்லிப் பார்த்தாள், பிடித்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் போட்ட நான்கு தாள் கடிதம் இந்நேரம் எந்தக் கப்பலில் கிடக்கிறதோ! அது கிடைத்து அவன் பதில் எழுதும்வரை வருகிற ஒவ்வொரு கடிதமும் லில்லி நடக்கிறாளா, லில்லிக்குப் பல் முளைத்ததா என்றே கேட்டுக்கொண்டிருக்கும்.