செத்தகழுதை என்று கூவியவள்

நெப்ராஸ்கா சமவெளியில் ஓரின் ரட் குடியிருந்த ஊருக்குச் செத்தகழுதை என்று பெயர். முதன்முதலில் வந்த வண்டிக்காரர்களின் கழுதை அங்கே விழுந்து செத்தது. மேலே போக வழியில்லாமல் அங்கேயே குடிசை போட்டுவிட்டார்கள். சொன்னால் யாரும் சிரிப்பார்கள்தான். அதற்காக ஊர் ஊரில்லாமல் போய்விடுமா?

பெரிய மனிதர்களுக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை. கழுதையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகர் ஆவது எப்படி? ரயில்வே அதிகாரியின் மகள் பெயரைச் சூட்டிவிட்டார்கள். லூசிண்டா. அன்று காலைதான் ரயில் நிலையத்தில் புதுப் பலகை ஏறியது.

அதைப் பார்த்ததும் ஓரினின் மனைவி கெசையா நிலைய அதிகாரியிடம் ஓடினாள். வீட்டில் மகள் எஃபிக்குத் தொண்டை அடைப்பான். மூச்சு விடவே திணறுகிறாள். நகரத்துக்கு மருந்து வாங்கப் போன ஓரின் கொஞ்ச நேரத்தில் வரப்போகும் வண்டியில் திரும்புகிறான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ரயில்காரன் பெட்டி பெட்டியாக வந்து ஊர்ப்பெயரைக் கூவினால்தான் இறங்குவான். ஜன்னலெல்லாம் பனி உறைந்திருக்கும், எட்டிப் பார்க்கவும் வழியில்லை. அடுத்த ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வர நாளைக்குத்தான் வண்டி. குழந்தை அதுவரை தாங்காது.

“மிஸ்டர் ஸ்லை, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்,” என்று நிலைய அதிகாரியிடம் கெஞ்சினாள். “இன்னிக்கு மட்டும் பழைய பேரைக் கூவச் சொல்லுங்க.”

“ஏம்மா, புதைச்ச கழுதையைத் தோண்டச் சொல்றியா? வண்டி வர்றதுக்கு முன்னயே கூவியிருப்பான். மேலிடத்து உத்தரவு.”

“பிள்ளை செத்துருவாய்யா!”

ஸ்லை தலையைக் குனிந்துகொண்டார். “எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிற நேரந்தான் நிக்கும். நீயே கூவிப் பாரு.”

வண்டி வந்து நின்றது. கெசையா ஒவ்வொரு ஜன்னலாக அறைந்துகொண்டே ஓடினாள். “செத்தகழுதை! ஓரின்! செத்தகழுதை!”

உள்ளே ஒருவன் பனியைத் துடைத்து எட்டிப் பார்த்தான். “செத்தது யாரும்மா, உன் புருஷனா?” பெட்டியே சிரித்தது. ஒருவரும் இறங்கவில்லை. சக்கரம் உருளத் தொடங்கியது.

பாவி மகள், கடைசிப் பெட்டியின் கம்பியை எட்டிப் பிடித்து ஏறிவிட்டாள். பெட்டி பெட்டியாக முண்டியடித்துக்கொண்டு போனாள். மருந்து உறைந்துவிடாமல் சட்டைக்குள் வைத்துக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் ஓரின்.

“கெசி! நீ எங்க இங்க? நம்ம ஊரு இன்னும் வரலியே!”

அவள் இருக்கையில் ஏறி, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூரையோரம் ஓடிய மணிக்கயிற்றைப் பிடித்து முழு உடம்பாலும் தொங்கினாள். வண்டி அலறிக்கொண்டு நின்றது.

“யாரு இழுத்தது? இங்க எந்த ஊரு இருக்கு?” என்று கத்திக்கொண்டு ரயில்காரன் ஓடிவருவதற்குள் இருவரும் வெளியே குதித்துவிட்டார்கள். பனி முழங்காலை விழுங்கியது. ஊரின் புகை வெகு தூரத்தில் நூலாகத் தெரிந்தது.

“லூசிண்டா, லூசிண்டான்னு கத்தினான் கெசி,” என்று மூச்சிரைத்தான் ஓரின். “எவளோ பணக்காரி இறங்கப்போறான்னு காலை மடக்கி வழி விட்டேன்.”

“பேசாத, ஓடு,” என்றாள் கெசையா. கூவிக் கூவிக் குரல் செத்திருந்தது. அவன் காதில் விழுந்ததோ என்னவோ. சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள்.