இதழ் இல்லாத செண்டுமல்லி

அடைக்கலமேரிக்கு வாய் நீளம் என்று ஊருக்குள் பேர். இருந்துவிட்டுப் போகட்டும். ரேஷன் கடையில் வரிசைக்கு நடுவே நுழைகிறவனையும், என் வாசலில் குப்பையைத் தள்ளிவிடுகிறவளையும் திட்டாமல் கொஞ்சவா முடியும்? அப்படிப்பட்ட என்னை இந்த வருஷம் ஒரு பாத்திச் செண்டுமல்லி வாயடைத்து உட்கார வைத்துவிட்டது.

போன வருஷம் என் மகள் மெர்லின் உயிரோடு இருந்தாள். பிறந்ததிலிருந்தே தசையெல்லாம் தளர்ந்து போகிற நோய். நடந்ததே கிடையாது. ஒரு நாள் அவள் அப்பா விராலிமலையிலிருந்து ஒரு விதைப் பாக்கெட் வாங்கிவந்தார். நாற்காலியில் சாய்ந்தபடியே தொட்டி மண்ணில் ஒவ்வொரு விதையாக விரலால் அமுக்கினாள் மெர்லின். அவள் தன் கையால் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான். பூத்தபோது ஆரஞ்சு நிறத்தில் பந்து பந்தாகப் பூத்தது. "எம் மூஞ்சியளவு இருக்கும்மா" என்று கன்னத்தோடு ஒட்டவைத்துக் காட்டினாள். தை மாதம் போய்விட்டாள்.

அந்தப் பூக்கள் காய்ந்ததும் விதை எடுத்து வைத்திருந்தேன். கல்லறைத் திருநாளுக்கு அவள் பூவை அவள் கல்லறையில் வைக்க வேண்டும். ஊரார் சந்தையில் வாங்கி வைக்கட்டும், என் பிள்ளைக்கு என் பிள்ளையின் செடியில் பூத்ததுதான். இவ்வளவுதான் நான் ஆண்டவரிடம் கேட்டது. பெரிய சொத்தா கேட்டுவிட்டேன்?

கொல்லையில் பாத்தி கட்டிப் போட்டேன். செடி நன்றாகத்தான் வந்தது. மொட்டு விரிந்ததும்தான் வயிறு எரிந்தது. பந்து மாதிரி ஒன்றுகூட இல்லை. சிலது சின்னதாக, சிலது ஒற்றை வரிசை இதழோடு ஏனோதானோவென்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இன்னும் சில செடிகளில் இதழே இல்லை. மொட்டு திறக்கிறது, உள்ளே பச்சையும் மஞ்சளுமாக நார்க் கற்றை, அவ்வளவுதான். மொட்டைத் தலைகள்.

எருக்காரரைத் திட்டினேன். போர் தண்ணீரைத் திட்டினேன். வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்து "செடி செழிப்பா இருக்கே" என்ற திலகவதியின் கண்ணைத் திட்டினேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என் தங்கை ரீட்டா விவசாயத் துறையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவளைக் கையைப் பிடித்துப் பாத்திக்கு இழுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூஸும் பின்னாலேயே வந்தார். அவள் ஒரு மொட்டைப் பூவைப் பிளந்து பார்த்துவிட்டு, பாக்கெட் விதையா என்று கேட்டாள்.

"பாக்கெட் வெதையோட வெதை" என்றேன்.

"அதான்க்கா. அது ஹைபிரிட்டு. ரெண்டு செடியச் சேத்து எடுக்குறது. அதுல ஒன்னு இந்த மாதிரி மொட்டை. எதழ வளக்குற ஜீன் அதுல வேலை செய்யாது. இன்னொன்னு நல்ல அடுக்குப் பூ. ரெண்டுக்கும் பொறக்குறதுக்கு நல்ல ஜீன் ஒன்னு, கெட்டது ஒன்னு. நல்லது ஒன்னு இருந்தாப் போதும், பூ பந்து மாதிரி வந்துரும். கெட்டது உள்ளேயே இருக்கும், வெளிய தெரியாது. மெர்லின் செடியெல்லாம் அப்படித்தான். அதுலயே வெதை எடுத்துப் போட்டா, ரெண்டு பக்கமும் கெட்டதே வந்து சேருற செடிக்கு எதழ் வராது."

"எத்தன செடி அப்படி வரும்?"

"நாலுல ஒன்னுக்கா."

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். மெர்லின் கைக்குழந்தையாக இருந்தபோது திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, சொந்தத்திலா கல்யாணம் என்று. ஆண்ட்ரூஸ் என் அத்தை மகன். உங்கள் இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒன்று இருக்கிறது, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது, இன்னொன்று பெற்றாலும் நாலில் ஒன்று இப்படி ஆகலாம் என்றார். அதற்குப் பயந்துதான் நாங்கள் ஒன்றோடு நின்றோம்.

"யார் தப்பும் இல்லக்கா" என்றாள் ரீட்டா. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். யார் தப்பும் இல்லை என்றால் நான் யாரைத் திட்டுவது? திட்ட ஆள் இல்லாத துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

"திரும்பத் திரும்பப் போட்டா அந்தப் பூ வராதா?" என்று கேட்டேன். அதே மாதிரி வராது, கடையில் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள் என்றாள். ஆண்ட்ரூஸ் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்லறைத் திருநாள் காலையில் பூப்பறிக்கக் கொல்லைக்குப் போனால், பாத்தியில் குழி குழியாக இருந்தது. மொட்டைச் செடிகள் அத்தனையும் வேரோடு குப்பைமேட்டில் கிடந்தன. பக்கத்தில் கையெல்லாம் மண்ணோடு ஆண்ட்ரூஸ். திட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். வாயைத் திறந்தேன்.

"நீ தெனமும் அது முன்னாடி உக்காந்து அழுவுற. என்னால பாக்க முடியலத்தா" என்றார்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மெர்லினுக்கு நான் கொடுத்தது ஒன்று, இந்த மனுஷன் கொடுத்தது ஒன்று. நான் அழுதது இவருக்குத் தெரிகிறது, இவர் எங்கே போய் அழுதார் என்று நான் கேட்டதே இல்லை. குப்பைமேட்டில் உட்கார்ந்து செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவைத்தோம்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. எல்லாக் கல்லறையிலும் சந்தைப் பூ மெத்தை மாதிரி கிடந்தது. பாத்தியில் மிச்சமிருந்த பூக்களை மெர்லினின் சிலுவையடியில் வைத்தேன். பிறகு மண்ணை விரலால் கிளறி, மொட்டைச் செடிகளை நட ஆரம்பித்தேன். தண்டெல்லாம் துவண்டுவிட்டிருந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த பெண் என்ன பூ இது என்று கேட்டாள். எம் மகளோட பூ என்றேன்.

ஆண்ட்ரூஸ் குனிந்து ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் சாய்ந்தது.

"பிடிக்காது மேரி."

"தெரியும்."

குடத்தில் இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினேன். அவர் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, இன்னும் தண்ணீர் பிடிக்க அடிபம்புக்குப் போனார்.