தொண்ணூறு சதவீதம்

நோரின் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பார்த்தாள். குழந்தையின் எடைக்கேற்ப மருந்தின் அளவைச் சொல்லும் நிரலில், விடையைப் பத்தால் பெருக்கிவிட்டு, நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளை ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை, எல்லாம் சரி என்று. ஒன்றுகூட முனகவில்லை.

சோதனைகளைத் திறந்து படித்தாள். ஒவ்வொன்றும் நிரலைக் கூப்பிட்டது, திரும்பி வந்தது. விடை சரியா என்று ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் தட்டிவிட்டு, திறந்தது யார் என்று பாராமலே நடந்துவிடுகிற தபால்காரனைப் போல.

"வெஸ், இது உன் கைவரிசையா?"

பக்கத்து மேசையிலிருந்த வெஸ் தலையைத் தூக்கவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள கவரேஜ் தொண்ணூறு வரணும்னு டேரன் சொன்னாரு. ஓடுற டெஸ்ட் நிரல்ல நூத்துக்கு எத்தனை வரியைத் தொடுதோ அதான் கணக்கு. தொட்டேன்."

"தொட்டே. தடவிக் குடுத்திருக்கே. இது கொழந்தைங்களுக்கு மருந்துடா."

தான் செய்த தப்பை நீக்கிவிட்டு, விடையைச் சரிபார்க்கும் வரிகளை அவளே எழுதத் தொடங்கினாள். விசைப்பலகை அடிவாங்கியது. மூன்றாவது சோதனை சிவந்தது. இருபத்திரண்டு பவுண்டு குழந்தை. நூற்றைம்பது மில்லிகிராம் வரவேண்டிய இடத்தில் முன்னூற்று முப்பது. அவர்கள் ஊரான வின்னிபெக்கில் மருத்துவமனைத் தராசு கிலோவில் பேசும், அம்மாக்கள் பவுண்டில் பேசுவார்கள். நிரல் இரண்டையும் வாங்கிக்கொண்டு, பவுண்டைக் கிலோவாக மாற்ற மறந்திருந்தது.

இரண்டு மணிக்கு இது நாற்பது கிளினிக்குகளுக்குப் போகவேண்டும். ஒரு சோதனை சிவந்திருந்தாலும் போகாது. குழுத் தலைவர் டேரன் பனிக்கோட்டைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"காலைல பச்சையா இருந்துச்சே?"

"காலைல பொய் சொல்லிட்டு இருந்துச்சு."

"நீ இவ்வளவு எழுதியும் கவரேஜ் ஏறவே இல்லையே, நோரின். அதே தொண்ணூறு புள்ளி ஒண்ணு."

"ஏறாது. அதே வரிதானே. இப்பதான் கேள்வி கேக்குது."

"சரி, அந்த ஒரு டெஸ்ட்டை இன்னைக்கு ஓட விடாதே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் கொழந்தைங்க காச்சல தள்ளிப் போட்டுக்குமா?"

டேரன் அவள் தோளுக்கு மேல் குனிந்து தானே அந்தச் சோதனையை நிறுத்தினார். பவுண்டு வரிகளைத் தொட்ட ஒரே சோதனை அதுதான். கவரேஜ் எண்பத்தொன்பது புள்ளி எட்டுக்கு இறங்கியது. தொண்ணூறுக்குக் கீழே எதுவும் வெளியே போகக்கூடாது என்று அவரே வைத்த பூட்டு விழுந்தது.

நோரினுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் முன்னூற்று முப்பதுக்கு விழாத பூட்டு இதற்கு விழுகிறது.

"வரம்பை எண்பத்தஞ்சா மாத்துறேன். வேற ஒருத்தர் ஒப்புதல் வேணும். வெஸ்?" என்றார் டேரன்.

வெஸ் முதல்முறையாக நிமிர்ந்தான். "நான் குடுக்க மாட்டேன். ஒரு தடவை நீங்க சொன்னதைக் கேட்டேன், போதும்."

டேரன் நோரினைப் பார்த்தார். அவர் நிறுத்திய சோதனையை அவள் திரும்ப ஓடவிட்டாள். திரை சிவந்தது.

கிளினிக்குகளோடு பேச அவர் கூட்ட அறைக்குள் போனார். கதவு சாத்துமுன் "ஒரு சின்னத் தாமதம்" என்றது கேட்டது.

"சின்னதாம்," என்றாள் நோரின். பவுண்டை மாற்றும் வரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். நூற்றைம்பது வந்தது. அடுத்த கோப்பைத் திறந்தாள்.

"நாற்காலியை இழுத்துட்டு வா, வெஸ். இதுலயும் ஒண்ணுமே கேக்கல நீ."