வந்தாள் என்று எழுதியவள்

வருகைப் பதிவு என் வேலை. இருபத்தாறு வருடமாக இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் முன்வாசல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு வந்தது பொய் வயிற்றுவலி, எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போதைய தலைமை ஆசிரியர் கிளின்ட் வாண்ட்ராவுக்கே ஒரு காலத்தில் தாமதச் சீட்டு எழுதிக் கொடுத்தவள் நான். அதனாலோ என்னவோ, இன்னமும் என்னை ‘மிஸஸ் கோலார்’ என்றுதான் கூப்பிடுவான்.

அந்தப் பிப்ரவரி புதன்கிழமை, நூலகத்தின் பின்னறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ரோவீனா பேஜ் என்ற பெண் வந்திருந்தாள். தடுமாறும் பிள்ளைகளை விழுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப் பள்ளிகளுக்கு உதவுவது அவள் உத்தியோகம். வருகை, நடத்தை, மதிப்பெண் மூன்றையும் வைத்துக் கணினி ஒவ்வொரு பெயருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுக்கும். சிவப்பில் மேலே நிற்கும் பன்னிரண்டு பேருக்குக் காலையில் வீட்டு வாசலுக்கு வேன் வரும். விட்டுப்போன பாடங்களுக்குத் தனி ஆசிரியர் உண்டு. ‘போக்குவரத்து விளக்குக்காரி’ என்று அவளுக்கு நான்தான் பெயர் வைத்தேன். அவள் மேஜைமேல் கோழி வடிவத்தில் ஒரு சமையலறைக் கடிகாரம் டிக் டிக் என்று ஓடும். ஒரு பெயருக்கு நாலு நிமிடம். மணி அடித்தால் அடுத்த பெயர். பட்டியல் மூன்றரைக்கு மூடும். அப்போது மணி மூன்று பத்து.

“அடுத்தது யெசேனியா சுக், ஒன்பதாம் வகுப்பு” என்றாள் ரோவீனா. “கணக்குல ஃபெயில், இங்கிலீஷ்ல ஃபெயில். ஆனா வருகை தொண்ணூத்தாறு சதவீதம். மஞ்சள்தான். தினம் வர்ற பொண்ணுக்கு வேன் எதுக்கு? சாயங்காலம் கணக்கு ட்யூஷன் போதும். அடுத்தவங்களுக்குப் போகலாமா?”

“இருங்க, இருங்க” என்றார் கணக்கு வாத்தியார் டென்னிஸ் ஸ்டார்க். “தினம் வர்றாளா? முதல் பீரியட்ல அவ முகத்தை நான் பாத்தே மாசக் கணக்காச்சு. வரலைன்னுதான் போடறேன்.”

“இங்க தாமதம்னு இருக்கு. அதுவும் வந்த கணக்குதான்” என்றாள் ரோவீனா.

“தாமதமா? அவ என் வகுப்புக்கே வர்றதில்லைங்க.”

“கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்” என்றான் கிளின்ட். “போன வருஷம் இப்படித்தான் பாதிப் பேரை இல்லாம பண்ணிடுச்சு.”

“கம்ப்யூட்டர் தானா மாத்தாது. மாத்தினவங்க பேரும் உள்ள இருக்கும். தேட நேரம் ஆகும்.” ரோவீனா கோழியைப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு நிமிஷம்தான். விட்டுட்டு மேல போகலாமா?”

மேலே போயிருக்கலாம். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம். பதிவைத் திருத்தினால் வேலை போகும் என்ற தாளில் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிறவள் நான். வாயை மூடிக்கொண்டால் அன்றோடு முடிந்தது, என் கவலையும் அந்தப் பெண்ணின் படிப்பும். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடம் போனவர்களைப் பிறகு நான் பார்ப்பதெல்லாம் இறைச்சி ஆலையின் வாசலில்தான்.

“நான்தான் மாத்தினேன்” என்றேன்.

கிளின்ட் என் பக்கம் திரும்பினான்.

“என்ன சொல்றீங்க மிஸஸ் கோலார்?” என்றான் கிளின்ட்.

“வாத்தியாருங்க வரலைன்னு போட்டதை நான் தாமதம்னு மாத்தினேன். நாள் முழுக்க அவ வராத முப்பத்தியொரு நாளும்.”

“ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா? வராதது இருபது நாள் ஆச்சுன்னா, பெத்தவங்க மேல வழக்குன்னு கவுன்ட்டி அரசு வக்கீல் முத்திரையோட கடிதம் போகும். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க படிச்ச அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போச்சே, என்ன ஆச்சு? அடுத்த வாரம் வீடு காலி. எந்த ஊருக்குப் போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. அந்தக் கடிதத்தை மடிச்சு உறையில போட்டது என் கை.”  

கோழி மணி அடித்தது. ரோவீனா அதன் தலையில் தட்டி நிறுத்தினாள். மறுபடி நாலு நிமிடத்துக்கு முறுக்கினாள்.

“அவ ஏன் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். அம்மாவுக்கு ஆலையில காலையில அஞ்சரை மணி ஷிஃப்ட். ரெண்டு வயசுத் தங்கச்சி ஒண்ணு இருக்கு. சித்தி பத்து மணிக்கு வந்தாத்தான் இவ கிளம்ப முடியும். சித்தி வராத நாள்ல இவளும் வர மாட்டா.”

“ஆறு மணிக்குத் திறக்கிற குழந்தைகள் காப்பகம் ஒண்ணு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே இருக்கு. நம்ம பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு அங்க இடம் உண்டு. வேன்ல குழந்தையையும் ஏத்திக்கலாம். செப்டம்பர்லேர்ந்து ரெண்டு இடம் காலியாவே கெடக்கு.” அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். “கேக்க ஆள் இல்லைன்னு நெனைச்சோம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒரு முழுப் பெண்ணையே ஐந்து மாதம் மறைத்து வைத்திருந்தேன். அதுவும் அவளுக்கு உதவ வந்தவர்களிடமிருந்து.

“திருத்துங்க” என்று மடிக்கணினியை என் பக்கம் தள்ளினாள். “மூணரைக்குள்ள.”

எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு தேதியாகத் திருத்தினேன். பதினைந்தாவது, பதினாறாவது.  இருபதாவது தேதியை மாற்றியதும் சுவருக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலுக்குப் பக்கத்தில், பிரின்டர் தானாகவே உறுமி ஒரு கடிதத்தை அச்சடித்தது. அது என்ன கடிதம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் நிறுத்தவில்லை. முப்பத்தியொன்று முடிந்தபோது யெசேனியாவின் பெயர் சிவப்பாகி, பட்டியலில் நாலாவதாகப் போய் நின்றது. மணி மூன்று இருபத்தேழு.

“கடிதத்தை என்னால நிறுத்த முடியாது” என்றாள் ரோவீனா. “ஆனா தபால்லதான் போகணும்னு எங்கயும் எழுதலை. நேர்ல போய்க் குடுக்கலாம். வேனும் காப்பகமும் சேர்த்துச் சொன்னா, அவங்க மூட்டை கட்ட வேண்டி இருக்காது.”

கிளின்ட் கையை நீட்டினான். “உங்க ஆபீஸ் சாவியைக் குடுங்க மிஸஸ் கோலார். இனிமே பதிவை நீங்க தொட வேண்டாம். வெள்ளிக்கிழமை மேலிடத்துல பேசுவாங்க. என்ன ஆகும்னு எனக்குத் தெரியலை.” அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாவியைக் கொடுத்தேன்.

“கடிதத்தை நான் கொண்டு போறேன்” என்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நடமாடும் வீடுகளின் வரிசையில் கடைசி அவர்களுடையது. படியில் பனியை யாரோ பாதி ஒதுக்கி விட்டிருந்தார்கள். தங்கச்சியை இடுப்பில் வைத்தபடி யெசேனியா கதவைத் திறந்தாள். பள்ளி ஜன்னலில் பார்க்கும் என்னை வீட்டு வாசலில் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

“என்ன மிஸ்? அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

“இல்லம்மா. உள்ள வரலாமா?”

சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாம் சொன்னேன். முதலில் வேன், காப்பகம், திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பது. அப்புறம்தான் கடிதத்தை, அவள் வராத நாட்களின் பட்டியலோடு கொடுத்தேன். முத்திரையைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பட்டியலின் அடியில் இருந்த எண்ணைத்தான் பார்த்தாள்.

“முப்பத்தியொண்ணா?” என்றாள். “சரியாத்தான் இருக்கு. ஆனா போன்ல அப்படி இல்லையே.”

மேடையில் கிடந்த போனை எடுத்துக் காட்டினாள். பள்ளி இணையதளத்தின் வருகைப் பக்கத்தை அப்போதே படமெடுத்துச் சேமித்து வைத்திருந்தாள். செப்டம்பர் பதினெட்டு, வந்தாள், தாமதம். பத்தொன்பது, வந்தாள், தாமதம்.

“முதல் தடவை நாள் முழுக்க வராதப்போ ராத்திரி வரைக்கும் பயந்துட்டே இருந்தேன் மிஸ். யாராவது போன் பண்ணுவாங்க, திட்டுவாங்கன்னு. பாத்தா, வந்ததா போட்டிருக்கு. அடுத்த நாளும் போகலை. அதுக்கும் வந்ததா போட்டிருக்கு. அப்புறம் சித்தி வந்த நாள்லகூடச் சில சமயம் போகலை.” குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நான் இருக்கேனா இல்லையான்னு அங்க யாரும் பாக்கறதே இல்லைன்னு நெனைச்சேன்.”

ஒவ்வொரு நாளும் பத்தே காலுக்கு நான் வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன். அவளுடைய நீலத் தொப்பி தெரிந்தால்தான் காப்பியைக் குடிப்பேன். இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் இருந்தது.

“நான் பாத்தேன்மா” என்றேன். “தினமும் பாத்தேன்.”

“அப்ப ஏன் சொல்லலை?” என்று கேட்டாள்.